வீட்டுக் கணினிக்குத் தேவை வேகமா? விவேகமா?

 

பட்டிமன்றம் பேச எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். ஆனா ஒரு வழக்காடலாலேயே பேர் வாங்கின ஊர் உண்டுன்னா அது இந்தச் சங்கரன்கோவில்தான். சங்கன், பதுமன்னு இரண்டு நாக அரசர்கள். சிவன்தான் பெரியவர்னு ஒருத்தர். இல்லை, திருமால்தான் பெரியவர்னு இன்னொருத்தர். வழக்கு கோமதி அம்மன்கிட்டே போச்சு. அம்மன் உடனே மணியடிச்சுத் தீர்ப்புச் சொல்லலை. தவம் இருந்தாங்க. இறைவன் ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராக வந்து நின்றார் என்பது தலபுராணம். அதைத்தான் ஆண்டுதோறும் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறீர்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் என்னை நடுவரா உட்கார வச்சிருக்காங்க. எனக்குத் தவம் இருக்க நேரமில்லை. தொலைக்காட்சிக்காரங்க அரை மணி நேரம்தான் கொடுத்திருக்காங்க! (சிரிப்பு)

தலைப்பைக் கேட்டதும் என் துணைவியார் கேட்டாங்க: "ஏங்க, நீங்க தமிழ் வாத்தியார். உங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" நான் சொன்னேன்: "அம்மா, முப்பது வருசமா அதுலதான் தட்டச்சு செய்றேன். ஆறு கணினி மாத்தியாச்சு. கணினிதான் வேகமாச்சே தவிர, என் ரெண்டு விரலும் அப்படியேதான் இருக்கு!" (சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சுட்டீங்க. ஆனா இந்த வழக்கோட மூலமே அந்த ரெண்டு விரல்லதான் இருக்கு. கணினிக்குள்ளே நடக்கிற வேலை ஒரு பக்கம். அதை வைத்திருக்கும் மனிதனுக்குக் கிடைக்கிற பயன் இன்னொரு பக்கம். முன்னது கூடினால் பின்னதும் கூடுமா? வேக அணியினர், "பழைய வண்டியை வச்சுக்கிட்டுப் புது ரோட்டுல போக முடியுமா?" என்று கேட்டார்கள். விவேக அணியினர், "வழியில ரயில்வே கேட் மூடிக் கிடந்தா வண்டி எவ்வளவு வேகமா இருந்து என்ன பிரயோசனம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டும் நல்ல கேள்வி.

இதற்கு நடுவில் கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. வழக்கமா 'பேச்சைச் சுருக்கவும்'னுதான் வரும். (சிரிப்பு) இது வேற. படிக்கிறேன்: "ஐயா, நான் விசைத்தறி ஓட்டுகிறவன். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். மூத்தவனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. பத்து வருசம் ஆச்சு. ரொம்ப மெதுவாக ஓடுகிறது. கடையில் காட்டினால், இது இனி உதவாது, புதிது வாங்குங்கள், தவணையில் தருகிறோம் என்கிறார்கள். வாங்கவா, வேண்டாமா?" பேர் போடலை. ஆனா இந்தச் சீட்டு வந்த பிறகு இது வெறும் சிரிப்புப் பட்டிமன்றம் இல்லைங்க. ஒரு குடும்பத்தோட பல மாதச் சம்பாத்தியம் இந்தத் தீர்ப்பிலே தொங்குது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

நாடித்துடிப்பும் உடல் பலமும்

கணினியின் வேகத்தைச் சொல்ல 'கிகா ஹெர்ட்ஸ்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கணினியின் மூளையாகிய செயலி ஒரு நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு அது. 1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்குள் இருந்த இன்டெல் 8088 செயலி நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. 2004-ல் வந்த பென்டியம் 4 செயலி 380 கோடி முறை துடித்தது. 23 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 மடங்கு!

சரி, அதற்குப் பிறகு? 2024-ல் வந்த மிக வேகமான வீட்டுச் செயலிகூட உச்சத்தில் 620 கோடித் துடிப்புத்தான். இருபது ஆண்டுகளில் இரண்டு மடங்குகூட ஆகலை. ஏன் நின்னுது? சூடு! அந்தப் பென்டியம் 4 செயலி 115 வாட் வரைக்கும் வெப்பம் கக்கும். அதன் சில்லு கட்டைவிரல் நகம் அளவுதான். நகத்தளவு இடத்தில் ஒரு பெரிய குண்டு பல்பு எரிந்தால் எப்படி இருக்கும்? 400 கோடித் துடிப்புள்ள பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை அந்த 2004-லேயே இன்டெல் கைவிட்டது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் பேசிவிடலாம். 'மூர் விதி' என்று சொல்வார்கள். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-ல் சொன்னது அது. ஒரு சில்லுக்குள் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்றார். 1975-ல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். அவர் சொன்னது எண்ணிக்கை. விளம்பரக்காரர்கள் அதை வேகம் என்று விற்றார்கள்.

துடிப்பைக் கூட்ட முடியாதபோது பொறியாளர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, ஒரே துடிப்பில் அதிக வேலை செய்ய வைப்பது. அதற்காகச் செயலியின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். அதைத்தான் 'புதுக் கட்டமைப்பு' என்கிறோம். அதனால்தான் 200 கோடித் துடிப்புள்ள இன்றைய செயலி, 380 கோடி துடித்த பழைய பென்டியத்தை எளிதாகத் தோற்கடிக்கும். ஆகவே துடிப்பு எண்ணை மட்டும் பார்த்துக் கணினி வாங்குவது, நாடி வேகமா அடிக்கிறவர்தான் பலசாலின்னு முடிவு கட்டுகிற மாதிரி. காய்ச்சல்காரனுக்கும் நாடி வேகமாத்தான் அடிக்கும்! (சிரிப்பு)

தேர்வடமும் ஊசிக்காதும்

இரண்டாவது வழி, ஒரு மூளைக்குப் பதிலா பல மூளை. 2005 முதல் வீட்டுக் கணினிகளில் இரட்டை மூளைச் செயலிகள் வந்தன. இன்று நான்கு, எட்டு, பதினாறு என்று போகிறது. வேக அணித் தலைவர் இதைப் பெரிய வாதமாக வைத்தார்: "எட்டு மூளை இருந்தால் எட்டு மடங்கு வேகம்தானே!"

அண்ணாச்சி, தேர் இழுக்க நூறு பேர் வடம் பிடிக்கலாம். தேர் நகரும். ஊசியில் நூல் கோக்க நூறு பேர் வந்தால் என்ன ஆகும்? ஊசிதான் தொலையும்! (சிரிப்பு) படத்தொகுப்பு, கட்டட வரைபடம் இவையெல்லாம் தேர். துண்டு துண்டாகப் பிரித்துப் பல மூளைகளிடம் கொடுக்கலாம். கடிதம் தட்டச்சு செய்வது ஊசி. ஒரு மூளைக்கு மேல் அங்கே வேலையே இல்லை.

இதை 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற கணினி அறிஞர் கணக்காகவே சொன்னார். அதே கணக்கை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். ஒரு மணி நேரம் கணினி முன்னால் உட்காருகிறீர்கள். அதில் 50 நிமிடம் நீங்கள் யோசிக்கிறீர்கள், படிக்கிறீர்கள், தட்டச்சு செய்கிறீர்கள், இணையத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். 10 நிமிடம்தான் செயலிக்காகக் காத்திருக்கிறீர்கள். இரு மடங்கு வேகமுள்ள செயலி வாங்கினால் மிச்சம் 5 நிமிடம். உலகத்திலேயே வேகமான செயலியை வாங்கினாலும் மிச்சம் 10 நிமிடத்தைத் தாண்டாது. மீதி 50 நிமிடத்தை எந்தச் செயலியும் தொட முடியாது.

தறி எங்கே நிற்கிறது?

அப்படியென்றால் சீட்டு எழுதினவர் வீட்டுக் கணினி ஏன் மெதுவாக ஓடுது? தறி ஓட்டுகிற ஊரில் இதை விளக்குவது சுலபம். தறி எவ்வளவு வேகமா ஓடினாலும் நூல் வரணும். நூல் தாமதமா வந்தா தறி நிக்கும். அப்போ வேகமான தறி வாங்கிப் போட்டா? வேகமான தறியும் சும்மா நிக்கும்! (கைதட்டல்) கணினியில் செயலிதான் தறி. நூல் வருகிற இடம் ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு.

பழைய மடிக்கணினிகளில் சுழலும் வட்டுதான் இருக்கும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. நமக்கு வேண்டிய தகவல், படிக்கும் முள்ளுக்குக் கீழே சுற்றிவந்து சேர ஏறக்குறைய 10 மில்லி நொடி ஆகும். நொடியில் நூறில் ஒரு பங்கு. நமக்கு அது கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் 300 கோடி துடிப்புள்ள செயலிக்கு? அதற்குள் அது 3 கோடி முறை துடித்துவிடும். ஒரு தகவலுக்காக 3 கோடித் துடிப்பு வீணாகக் காத்திருக்கிறது. கணினியைத் திறந்தவுடன் இப்படி ஆயிரக்கணக்கான தகவல்களை அது தேட வேண்டும். அதுதான் மெதுவின் இரகசியம்.

அந்த வட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தைப் போட்டால் காத்திருப்பு நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையும். அதே செயலி, அதே திரை, அதே விசைப்பலகை. வீட்டுக்காரருக்குப் புதுக் கணினி வந்த மாதிரி இருக்கும். செலவு புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்று ரேம் என்கிற தற்காலிக நினைவகம். தாய்மார்களுக்கு இது உடனே புரியும். ரேம் என்பது அடுப்பு மேடை. வட்டு என்பது பரண். மேடை பெரிசா இருந்தா கடுகு, உளுந்து, எண்ணெய் எல்லாம் கைக்கெட்டுற தூரத்தில் இருக்கும். மேடை சின்னதா இருந்தா, ஒவ்வொன்றுக்கும் ஏணி போட்டுப் பரணில் ஏறணும். அந்த அம்மாவுக்கு எவ்வளவுதான் கைவேகம் இருந்தாலும் சாம்பார் எப்போ கொதிக்கும்? (சிரிப்பு)

எது தடையாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பலகை வரும். செயலி, நினைவகம், வட்டு ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்று அதில் தெரியும். கணினி திணறும் நேரத்தில் எது நூறைத் தொடுகிறதோ, அதுதான் நோய். செயலி இருபதில் நிற்கிறது, வட்டு நூறில் முட்டுகிறது என்றால் புதுச் செயலி வாங்குவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற கதை.

வீடு பெரிதானால் சாமானும் பெருகும்

விவேக அணியின் இரண்டாம் பேச்சாளர் ஒரு கூர்மையான கேள்வி கேட்டார்: "இத்தனை வேகமும் எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. 1995-ல் வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் 4 மெகாபைட் நினைவகம் போதும் என்றார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 கிகாபைட் வேண்டும் என்கிறார்கள். ஆயிரம் மடங்கு! நாம் ஆயிரம் மடங்கு நல்ல கடிதம் எழுதுகிறோமா? திருக்குறள் 1330 பாட்டையும் கணினியில் ஏற்றினால் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். வள்ளுவருக்கு இடம் கொஞ்சம்தான் வேணும். நமக்குத்தான் நிறைய வேண்டியிருக்கு. (கைதட்டல்)

சுவிட்சர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதை எச்சரித்தார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டே வருகிறது என்றார். சம்பளம் கூடக்கூடச் செலவும் கூடுகிற குடும்பம் மாதிரி. மென்பொருள் எழுதுகிறவர், "இடம்தான் கிடக்கே" என்று தாராளமாகச் செலவழிக்கிறார். பழைய கணினி வைத்திருப்பவர், மற்றவர் செலவுக்குத் தான் வட்டி கட்டுகிறார்.

தமிழுக்குத் திறந்த கதவு

இந்த இடத்தில் வேக அணிக்கு நியாயம் செய்யாமல் போனால் நான் தமிழாசிரியன் இல்லை. அந்தப் பெருத்த மென்பொருளெல்லாம் வீண் என்று சொல்ல முடியாது. அதற்குள் நம் தமிழும் உட்கார்ந்திருக்கிறது.

1990-களில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி ராஜ்ஜியம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கட்டமும் கொக்கியுமாகக் கொட்டும். 1991-ல் யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டின் முதல் பதிப்பு வந்தது. அதில் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். நம் எழுத்தோ 247. எப்படி அடங்கும்? எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுக்கவில்லை. எழுத்தையும் துணைக்குறியையும் தனித்தனியே வைத்தார்கள். 'கெ' என்று எழுத வேண்டுமானால் கணினி முதலில் 'க'வைச் சேமிக்கும், பிறகு கொம்பைச் சேமிக்கும். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கணும். 'கொ' என்றால் துணைக்குறியை இரண்டாகப் பிளந்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைக்கணும். ஒவ்வொரு எழுத்துக்கும் இந்த வித்தை நடக்கணும்.

பழைய விண்டோஸுக்கு இந்த வித்தை தெரியாது. விண்டோஸ் குடும்பத்தில் தமிழுக்கு இயல்பாக இடம் கொடுத்த முதல் பதிப்பு விண்டோஸ் 2000. பிறகு தமிழில் தேடலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், ஒரு கணினியில் எழுதியதை உலகத்தின் மறுகோடியில் அப்படியே படிக்கலாம் என்ற நிலை வந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அன்றைக்குப் பழைய கணினியை மாற்றியவருக்குத் தட்டச்சு வேகம் கூடவில்லை. ஆனால் முடியாத ஒன்று முடிந்தது. இந்த வேறுபாட்டை மனசிலே வச்சுக்குங்க. தீர்ப்பு இதன் மேலேதான் நிற்கப்போகுது.

புதுக் கட்டமைப்பின் வரவும் செலவும்

இன்றைய புதுக் கட்டமைப்புகளிலும் அப்படிச் சில கதவுகள் உண்டு. முதலாவது, காணொளி. இணையத்தில் வரும் படங்களைச் சுருக்கி அனுப்பப் புதுப்புது முறைகள் வருகின்றன. 2018-ல் வெளியான ஏ.வி.1 அவற்றில் ஒன்று. புதிய செயலிகளில் அதை விரிக்கவே தனி உறுப்பு இருக்கிறது. பழைய செயலிக்கு அது இல்லை. முழு மூளையையும் கொடுத்துத் திணறும். பாடத்தை இணையத்தில் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு இது உண்மையான வேறுபாடு.

இரண்டாவது, மின்சாரம். 115 வாட் வெப்பம் கக்கிய பென்டியம் எங்கே, 15 வாட் அளவில் ஓடும் இன்றைய மடிக்கணினிச் செயலிகள் எங்கே! நம் கைப்பேசிக்குள் இருக்கும் ஆர்ம் வகைச் செயலியின் வழிமுறையை 2020-ல் ஆப்பிள் நிறுவனம் தன் எம்1 கணினிகளுக்குக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கரண்ட் போனாலும் பல மணி நேரம் மின்கலத்தில் ஓடும் என்றால், நம்ம பக்கத்து மாணவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லைங்க.

செலவும் உண்டு. கட்டமைப்பு என்பது செயலிக்கும் மென்பொருளுக்கும் இடையில் உள்ள மொழி. மொழி மாறினால் பழைய மென்பொருள் ஊமையாகும், அல்லது மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் மென்பொருள் ஓடவே ஓடாது. பழைய தமிழ் மென்பொருளுக்காகவே ஒரு பழைய கணினியைத் துணி போர்த்திக் காப்பாற்றும் அச்சகங்கள் உண்டு. புது மொழி பேசும் செயலி வாங்குமுன், 'என் அச்சுப்பொறியும் என் மென்பொருளும் அந்த மொழி பேசுமா?' என்று கேட்க வேண்டும்.

வேகத்துக்காகச் செய்த தந்திரமே வினையானதும் உண்டு. பரோட்டாக் கடை மாஸ்டர், ஆள் உள்ளே நுழையும்போதே 'இவர் ரெண்டு கேட்பார்' என்று ஊகித்துக் கல்லில் போட்டுவிடுவார். சரியாக இருந்தால் நேரம் மிச்சம். செயலிகளும் அப்படித்தான் அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்கின்றன. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு ஓட்டைகளை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஊகித்துச் செய்து பிறகு வேண்டாம் என்று விட்ட வேலையின் சுவடுகளிலிருந்தே இரகசியத்தைத் திருடலாம் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கல்லில் கிடக்கும் பரோட்டாவை எண்ணி, உள்ளே யார் சாப்பிட வந்தார் என்று கண்டுபிடிப்பது போல! ஓட்டையை அடைத்தபோது சில வேலைகளில் வேகம் குறைந்தது.

காலாவதித் தேதி

இப்போது சீட்டு எழுதியவருக்கு நேராக வருகிறேன். அவருடைய கணினிக்கு வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அந்தத் தலைமுறை வந்ததே 2017-ல்தான். பத்து வருடக் கணினி நன்றாக ஓடினாலும் வாசலில் நிறுத்தப்படும். இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனா இது உண்மையான காரணம். திருத்தம் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டு உடைந்த கதவுக்குப் பின்னால் நகை வைக்கிற மாதிரி.

வழி இல்லையா? இருக்கு. தமிழ்நாடு அரசின் மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயக்கமுறையும் இருந்தது. அது சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கியது. லினக்ஸ் இலவசம். அதில் பல வகை உண்டு. பழைய கணினிக்கென்றே எடை குறைந்த வகைகளும் உண்டு. திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்க. இன்று வேலையின் பெரும்பகுதி நம் கணினிக்குள்ளேயே நடப்பதில்லை. இதே தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் 2011 முதல் இயங்குகிறது. அவர்கள் செய்கிற மென்பொருள் உலாவி வழியாக ஓடுவது. கணக்கு எங்கோ ஒரு பெரிய கணினிக் கூடத்தில் நடக்கும். நம் வீட்டில் இருப்பது ஒரு சன்னல்தான். சன்னல் சுத்தமாக இருந்தால் போதும், தங்கத்தில் செய்ய வேண்டாம்.

தீர்ப்பு

சரி, மணி அடிக்கப் போறாங்க. தீர்ப்புக்கு வருகிறேன்.

சீட்டு எழுதிய அண்ணாச்சி, முதலில் உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள்: "என்ன பாடம், என்ன மென்பொருள்?" தமிழ், வரலாறு, வணிகவியல் என்றால் கட்டுரை எழுதுவது, கணக்குப் போடுவது, பாடம் கேட்பது இதுதான் வேலை. பழைய கணினியில் எஸ்.எஸ்.டி. போடுங்கள். இடம் இருந்தால் ரேம் கூட்டுங்கள். லினக்ஸ் தெரிந்த பிள்ளை ஒருத்தரை வைத்து ஏற்றுங்கள். படிப்பு தொடங்க அது போதும். கட்டட வரைபடம், அசைவூட்டம், படத்தொகுப்பு என்றாலோ, விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளைக் கல்லூரி கேட்டாலோ, தயங்காமல் புதிது வாங்குங்கள். அது கடன் இல்லை, கருவி. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கும் திட்டத்தை 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மகள் பெயர் அதில் வருமா என்று கல்லூரியில் கேட்டுவிடுங்கள். (கைதட்டல்)

வாங்குவது என்று முடிவானால், பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணைப் பார்க்காதீர்கள். எஸ்.எஸ்.டி. இருக்கிறதா, ரேம் 8 கிகாபைட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, பின்னால் கூட்ட வழி உண்டா, செயலி அண்மைத் தலைமுறையா என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கணினி என்று 2024 முதல் ஒரு வகை விற்கிறார்கள். நொடிக்கு 40 இலட்சம் கோடிக் கணக்குப் போடும் தனி உறுப்பு உண்டு என்பார்கள். "என் வீட்டில் அத்தனை கணக்கு எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். கடைக்காரர் சிரிப்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே அடுத்த விலைக்கு நகரலாம். (சிரிப்பு)

வேகம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 800 மடங்கு ஓடி வந்த அந்தக் குதிரையின் மேல் ஏறித்தான் தமிழ் இணையத்துக்குள் வந்தது. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு வேகம் இரண்டே இடத்தில்தான் பயன்படுகிறது. அவர் காத்திருக்கும் இடத்தில் அது வந்து சேர வேண்டும், அல்லது அதுவரை மூடியிருந்த கதவைத் திறக்க வேண்டும். இந்த இரண்டு இடத்தையும் கண்டுபிடிக்க வேகத்தால் முடியாது. அது விவேகத்தின் வேலை. ஆகவே வீட்டுக் கணினிக்கு முதல் தேவை விவேகமே என்று தீர்ப்பளிக்கிறேன். (நீண்ட கைதட்டல்)

கடைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்: 'இது வந்தால், இதுவரை என் வீட்டில் முடியாத எந்த வேலை முடியும்?' பதில் இருந்தால் வாங்குங்கள். 'இப்போது செய்வதையே இன்னும் கொஞ்சம் வேகமாக' என்பது மட்டும்தான் பதில் என்றால், வீட்டுக்குத் திரும்பி வந்து, அந்த மூன்று விசைகளையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.